இன்டர்ஸ்டிஸ்: இண்டு இடுக்குக்கான ஆங்கிலச் சொல்லைக் கைவசமாக்குவது எப்படி

கம்பம், போடி பக்கத்திலும், மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, தேவிகுளம் பக்கத்திலும் தமிழில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்துக்குப் போகும் பிள்ளைகளை 'இன்டர்ஸ்டிஸ்' என்ற சொல் மூன்று இடங்களில் வழிமறிக்கும். வேதியியலில் உலோகங்களைப் பற்றிய பாடம் ஒன்று. நர்சிங் முதலாண்டு உடலியங்கியல் இரண்டு. வீட்டில் யாருக்காவது எடுத்த நெஞ்சு ஸ்கேனின் ரிப்போர்ட் மூன்று. அகராதியில் தேடினால் 'இடைவெளி' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். அதை நம்பி எழுதினால் பாதி இடங்களில் தப்பாகும். பேருந்துக்கும் பேருந்துக்கும் நடுவே உள்ள அரைமணி நேரமும் இடைவெளிதான், இரண்டு ஊருக்கு நடுவே உள்ள பத்துக் கிலோமீட்டரும் இடைவெளிதான். இன்டர்ஸ்டிஸ் அப்படிப் பொதுவான சொல் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட வகை இடைவெளிக்கு உரியது.

நம்மிடம் அதற்குக் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும் சொல் ஒன்று இருக்கிறது: இடுக்கு. அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: வாயில் வரவேண்டும்

இன்-டர்-ஸ்டிஸ். மூன்று அசை. அழுத்தம் நடு அசையான 'டர்' மேல் விழ வேண்டும். நம் பக்கத்தில் எல்லோரும் முதல் அசையை அழுத்தி, கடைசியை 'ஸ்டைஸ்' என்று நீட்டுகிறார்கள். எழுத்தில் கடைசி மூன்றும் ஐஸ் என்ற சொல்லைப் போலத் தெரிவதால் வரும் பிழை அது. 'ஜஸ்டிஸ்' என்பதன் கடைசிப் பாதியை அப்படியே ஒட்டுங்கள், சரியாக வந்துவிடும். எழுத்துக்கூட்டலும் அதே வால்தான்: எஸ், டீ, ஐ, சீ, இ.

பன்மைக்குக் கடைசியில் ஒரு எஸ் மட்டும் சேரும். சொல்லும்போது ஓர் அசை கூடும்: இன்டர்ஸ்டிஸஸ். இதைப் பழகிக்கொள்வது முக்கியம், ஏனென்றால் புத்தகங்களில் பத்துக்கு எட்டு இடத்தில் இந்தச் சொல் பன்மையில்தான் வரும்.

பெயரடை வடிவம் 'இன்டர்ஸ்டிஷல்'. இங்கே அழுத்தம் இடம் மாறி 'ஸ்டி' மேல் விழும். எழுத்தில் சீ போய் டீ வரும். அதன் பிறகு ஐ, ஏ, எல். 'ஸ்பேஸ்' என்பது 'ஸ்பேஷல்' ஆகும்போது சீ டீயாக மாறுகிறதே, அதே கதைதான். தேர்வுத்தாளில் சீ போட்டு எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

இரண்டு ஒலிக்குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடுவோம். எல்லைச் சோதனைச்சாவடிப் பலகையில் பார்க்கும் 'இன்டர்ஸ்டேட்' என்பது மாநிலங்களுக்கு இடையிலானது. பொருளில் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்றது ஆபத்தானது: 'இன்டஸ்டினல்'. அது குடல் சம்பந்தப்பட்டது. வேகமாகப் படித்தால் இன்டர்ஸ்டிஷலும் இன்டஸ்டினலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். நுரையீரல் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'குடல்ல ஏதோ இருக்காம்' என்று வீட்டில் சொல்லி எல்லோரையும் கலங்கடித்துவிடக் கூடாது. நடுவில் ஆர் எழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: வேரைப் பிடியுங்கள்

லத்தீனில் 'இன்டர்' என்றால் நடுவே. 'ஸ்டிஸ்' வருவது நிற்றலைக் குறிக்கும் வினையிலிருந்து. நடுவே நிற்பது, அவ்வளவுதான். இதே வாலோடு இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. 'சோல்' என்றால் சூரியன். 'சோல்ஸ்டிஸ்' என்றால் சூரியன் நின்று திரும்பும் நாள், ஜூன் 21, டிசம்பர் 21 வாக்கில் வருவது. 'ஆர்மிஸ்டிஸ்' என்றால் ஆயுதங்கள் நிற்பது, போர்நிறுத்தம். 1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போரை நிறுத்திய உடன்பாட்டுக்கு அந்தப் பெயர்தான். மூன்றையும் ஒன்றாக மனப்பாடம் செய்தால் மூன்றும் மறக்காது. (ஜஸ்டிஸ் இந்தக் குடும்பம் இல்லை. ஓசை மட்டும்தான் ஒன்று.)

வேரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'நடுவே நிற்பது' என்றால் இரண்டு பக்கமும் ஏதோ இருந்தாக வேண்டும். இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதற்கும் எதற்கும் நடுவே? கல்லுக்கும் கல்லுக்குமா, மணலுக்கும் மணலுக்குமா, செல்லுக்கும் செல்லுக்குமா, அணுவுக்கும் அணுவுக்குமா? பதில் கிடைத்துவிட்டால் பொருள் கிடைத்துவிட்டது. பதில் தெரியாமல் மொழிபெயர்க்க உட்காராதீர்கள்.

மூன்றாம் படி: கையால் செய்து பாருங்கள்

பத்து நிமிட வேலை. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தை விளிம்பு வரை கோலிக்குண்டால் நிரப்புங்கள். பார்வைக்குப் பாத்திரம் நிறைந்துவிட்டது. இப்போது வேறொரு அளவுக்குவளையில் தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். ஏறக்குறைய 400 மில்லி உள்ளே போகும். குண்டுகள் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன, பாத்திரம் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். அந்தத் தண்ணீர் நின்ற இடம் முழுவதும் இன்டர்ஸ்டிஸஸ். எந்தக் குண்டிலும் ஓட்டை இல்லை, எந்தக் குண்டும் உடையவில்லை. உருண்டைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததாலேயே பிறந்த இடம் அது.

மிளகு வியாபாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மலைச்சரக்கில் 'லிட்டர் எடை' பார்ப்பார்கள். நல்ல மிளகு ஒரு லிட்டருக்கு 550 கிராம் அளவில் நிற்கும். மிளகு உள்ளே கெட்டியாக முற்றியிருக்கிறதா, பொக்கா என்பதை அந்த எடை காட்டும். ஆனால் எவ்வளவு நல்ல மிளகானாலும் அளவுப் பாத்திரத்தில் ஒரு பெரும்பங்கு, மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள காற்றுதான். அந்தக் காற்று இருக்கும் இடம்தான் நம் சொல்.

நான்காம் படி: மூன்று கேள்விச் சோதனை

ஓர் இடைவெளியை இன்டர்ஸ்டிஸ் என்று சொல்லலாமா என்று சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சுற்றி நிற்கும் பொருள்களோடு ஒப்பிட்டால் அது சிறியதா? பொருள்கள் அடுத்தடுத்து அமைந்ததால் வந்ததா, அல்லது ஒரே பொருள் உடைந்ததால் வந்ததா? ஒன்று மட்டும்தானா, அதுபோலப் பல இருக்கின்றனவா? சிறியது, அமைப்பால் வந்தது, பல இருக்கின்றன என்றால் தயங்காமல் போடலாம்.

நம் மலைகளையே வைத்துச் சோதிப்போம். பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரும் இடைவெளி. ஆங்கிலத்தில் அது 'கேப்'. போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் தேவிகுளத்துக்கு அருகே வரும் கேப் ரோடும் அப்படித்தான். இடுக்கி மாவட்டத்தின் பெயரே 'இடுக்கு' என்பதிலிருந்து வந்தது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு நெருங்கி ஓடிய இடம், இப்போது சுமார் 169 மீட்டர் உயர வளைவு அணை நிற்கும் இடம். பெயரில் இடுக்கு இருந்தாலும் அதை ஆங்கிலத்தில் இன்டர்ஸ்டிஸ் என்று எழுதினால் தவறு. ஒற்றையானது, பிரம்மாண்டமானது. அதற்கு 'கார்ஜ்' என்ற சொல் இருக்கிறது.

ஏலத்தோட்டத்தில் செடிக்குச் செடி பத்தடி விட்டு நடுகிறோம். அது திட்டமிட்டு விடும் தூரம், 'ஸ்பேசிங்'. சுவர் வெடித்தால் அது 'க்ராக்'. ஒரே சுவர் உடைந்து பிளந்தது, இரண்டு பொருள் சேர்ந்ததால் வந்ததில்லை. பாறையில் பல்லி ஒளியும் பிளவு 'க்ரெவிஸ்'. அதுவும் பெரும்பாலும் பாறை பிளந்ததால் வருவது. ஏலக்காய் சலிக்கும் தட்டில் 7, 8 மில்லிமீட்டர் என்று துளையிட்டிருப்பார்களே, அது 'ஹோல்'. தகட்டைக் குடைந்து போட்டது. ஆனால் நூலால் பின்னிய வலையின் கண்களை இன்டர்ஸ்டிஸஸ் என்று சொல்லலாம், ஏனென்றால் அவை நூலும் நூலும் குறுக்கே போனதால் உண்டானவை. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியில் வலைப்பின்னலுக்குப் பொருள் எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். எளிய சொல்லைக் கடின சொல்லால் விளக்கியதற்கு அந்தப் பதிவு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. புதிதாக எழுத வருகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். பேச்சில் 'கேப்' போதுமான இடத்தில் இதைக் கொண்டுவந்து திணிக்காதீர்கள். இது எழுத்துக்கும் பாடத்துக்கும் உரிய சொல்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் வைப்பது

மிக வழக்கமான சட்டகம் 'இன் தி இன்டர்ஸ்டிஸஸ் ஆஃப்'. அதன் பிறகு பன்மைப் பொருளோ கூட்டுப் பொருளோ வரும்: கற்கள், இலைகள், மணல், சுவர். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமானால் 'ஆஃப்' போய் 'பிட்வீன்' வரும். கூட வரும் வினைகள் சிலவே. தண்ணீர் அதன் வழியே கசியும், தூசி அதில் தங்கும், பெரணி அதில் முளைக்கும், சாந்து அதை நிரப்பும். இந்த நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் முக்கால்வாசித் தேவை தீர்ந்தது.

'நிரப்பும்' என்பதைக் கவனியுங்கள். நிரப்பிய பிறகும் அந்த இடத்துக்கு அதே பெயர்தான். முல்லைப் பெரியாறு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னிகுயிக் தலைமையில் கட்டி 1895-இல் திறக்கப்பட்டது. முகப்பில் கருங்கல் கட்டு, உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல் பொடி) சேர்ந்த கலவை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இறங்கிக் கெட்டிப்பட்ட அந்த இடங்களை இன்டர்ஸ்டிஸஸ் என்று எழுதலாம், அங்கே இப்போது வெற்றிடம் இல்லாவிட்டாலும். தமிழில் 'இடைவெளி' என்றால் உள்ளே 'வெளி' இருக்கிறது, காலியாக இருந்தாக வேண்டும் என்று தோன்றும். 'இடுக்கு' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இடுக்கில் எதையும் அடைக்கலாம்.

எழுதக் கூடாதவை: 'பெரிய இன்டர்ஸ்டிஸ்', 'ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே இன்டர்ஸ்டிஸ்', 'மதிப்பெண்ணில் இன்டர்ஸ்டிஸ்'. மூன்றுக்கும் 'கேப்' போதும்.

காலத்துக்கும் இந்தச் சொல் உண்டு, ஆனால் அரிது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் நடுவே காத்திருக்க வேண்டிய காலத்துக்கு இந்தப் பெயர்தான். டீக்கனாக ஆனவர் குருப்பட்டம் பெறக் குறைந்தது 6 மாதம் போக வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. கட்டுரைகளில், வேலை நெருக்கடிக்கு நடுவே அங்கங்கே கிடைக்கும் துண்டு நேரத்தையும் இப்படி எழுதுவார்கள். கொழுந்தெடுத்து, வீட்டுவேலை முடித்து, நடுவில் அகப்படும் கால்மணி கால்மணியாகப் படித்துத் தேர்வெழுதும் பெண்ணைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் அழகாக உட்காரும்.

ஆறாம் படி: துறைக்குத் துறை பார்ப்பது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வேதியியலில் தொடங்குவோம். ஒரே அளவுள்ள அணுக்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதம்தான் நிரம்பும். 26 சதவீதம் இடுக்காகவே மிஞ்சும். அப்படி நெருங்கி அடுக்கிய அணுக்கள் எண்ணிக்கையில் எவ்வளவோ அவ்வளவு எண்முக இடுக்குகளும் (ஆறு அணுக்கள் சூழ்ந்தவை), அதைப் போல இரண்டு மடங்கு நான்முக இடுக்குகளும் (நான்கு அணுக்கள் சூழ்ந்தவை) இருக்கும். நான்முக இடுக்குக்குள் சரியாக உட்காரும் அணுவின் ஆரம், பெரிய அணுவின் ஆரத்தில் 0.225 பங்கு, எண்முக இடுக்கில் 0.414 பங்கு. ஹைட்ரஜன், போரான், கார்பன், நைட்ரஜன் போன்ற பொடி அணுக்கள் உலோகங்களின் இந்த இடுக்குகளில் போய் உட்காருவதால் வருபவைதான் இன்டர்ஸ்டிஷல் சேர்மங்கள். எஃகு உறுதியாக இருப்பதற்கு, இரும்பணுக்களின் நடுவே புகுந்த கார்பன், அந்த இரும்பணு அடுக்குகளை எளிதில் வழுக்க விடாமல் தடுப்பது ஒரு முக்கியக் காரணம். எடையில் 2 சதவீதம் வரைதான் கார்பன் இருக்கும், வேலை அவ்வளவு செய்கிறது.

இதற்கு எதிர்வகை பித்தளை. அங்கே துத்தநாக அணு செம்பு அணுவின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது; 'சப்ஸ்டிட்யூஷனல்' உலோகக்கலவை. வேரைப் பாருங்கள், அங்கும் நிற்றல்தான். ஒன்று நடுவே நிற்பது, மற்றது பதிலுக்கு நிற்பது. தேர்வில் வேறுபாடு கேட்டால் இந்த இரண்டு சொற்றொடரை முதல் வரியாக எழுதிவிட்டு விளக்கத்துக்குப் போகலாம். தமிழில் எழுதும்போது முதலாவதற்கு 'இடைச்செருகல்' பொருந்தும், இரண்டாவதற்கு 'பதிலீடு'.

மருத்துவத்துக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய 42 லிட்டர் நீர். அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே. வெளியே உள்ள 14 லிட்டரில் சுமார் 3 லிட்டர் ரத்தத்தின் பிளாஸ்மாவில், மீதி 11 லிட்டர் அளவு செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே. அந்தப் 11 லிட்டர்தான் 'இன்டர்ஸ்டிஷல் ஃப்ளூயிட்'. ரத்தத்திலிருந்து வரும் சத்து இதில் இறங்கித்தான் செல்லுக்குப் போகிறது. இது அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கால் வீங்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்பது அதனால்தான்: இடுக்கில் இருந்த நீரை விரல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது, திரும்பி வர நேரமாகிறது.

வார்டில் வேலை பழகுகிறவர்கள் இதைத் தினமும் பார்ப்பீர்கள். சாதாரண சலைன் ஒரு லிட்டர் ஏற்றினால் சற்று நேரத்தில் அதில் ஏறத்தாழ கால் பங்குதான் ரத்தக்குழாய்க்குள் தங்கும். முக்கால் பங்கு இன்டர்ஸ்டிஷல் இடத்துக்குப் போய்விடும். ஊசி நரம்பை விட்டு விலகி ட்ரிப்ஸ் 'அவுட்' ஆனால் மொத்தமும் நேரே அங்கேதான் போய்ச் சேரும். அதனால்தான் அந்த இடம் உப்பிக் குளிர்ந்து போகிறது.

இனி ஸ்கேன் ரிப்போர்ட். இன்டர்ஸ்டிஷல் என்பது இடத்தின் பெயர், நோயின் பெயர் இல்லை. நுரையீரலில் காற்றுப்பைகள் இருக்கின்றன. பைக்கும் பைக்கும் நடுவே மெல்லிய திசு இருக்கிறது. மாற்றம் அந்த நடுத்திசுவில் என்று அந்தச் சொல் சொல்கிறது. என்ன மாற்றம், ஏன் வந்தது என்பதெல்லாம் கூட வரும் மற்றச் சொற்களிலும் மருத்துவர் வாயிலும் இருக்கிறது. சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இதே சொல் வரும், அங்கேயும் இடத்தைத்தான் குறிக்கும்.

இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு மென்பொருள்களில் 'இடைநிலை' என்று வருவதுண்டு. அதைப் போடவே போடாதீர்கள். 'இடைநிலை நுரையீரல் நோய்' என்று படிக்கிறவர் நோய் பாதிவரை முற்றியிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார். இடைநிலை ஆசிரியர், இடைநிலைக் கல்வி என்று நாம் சொல்லும் 'இடைநிலை' நடுக்கட்டத்தைக் குறிப்பது, நடு இடத்தைக் குறிப்பதில்லை. 'திசுவிடை', 'செல்லிடை' என்று எழுதலாம். எதற்கு நடுவே என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். மலையாளத்தில் எழுதிய மருந்துச்சீட்டும் ஆங்கில ரிப்போர்ட்டும் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் எஸ்டேட் பெரியவரிடம் இன்னும் எளிதாகச் சொல்லலாம்: "தாத்தா, நெஞ்சுக்குள்ள காத்துப்பை பொடிப்பொடியா இருக்கும்ல, அந்தப் பைக்கும் பைக்கும் நடுவுல இருக்கிற சவ்வு தடிச்சிருக்குன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு என்ன செய்யணும்னு டாக்டர் சொல்லுவாரு, அவரைப் பாத்துட்டுப் போவோம்." சொல்லின் பொருள் வரைதான் நம் வேலை, அதற்கு மேல் போகக் கூடாது.

மண்ணும் நீரும் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாக: நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழ பாதிக் கனஅளவு இடுக்குதான், அதில் தண்ணீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்ளும். மண்ணை மிதித்து இறுக்கினால் முதலில் அழிவது அந்த இடம். மூணாறு உயரத்து ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் இனம் சரளைக்கற்களின் இடுக்கில் முட்டையிடுவது. மேலிருந்து வண்டல் வந்து அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் போகாது. இணையத்தில் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் முழுப் பக்கத்தையும் மறைத்து வரும் விளம்பரத்துக்கும் 'இன்டர்ஸ்டிஷல்' என்றுதான் பெயர். திரைக்கும் திரைக்கும் நடுவே நிற்பது.

ஏழாம் படி: தமிழ்ச் சொல்லைத் தேர்வது

'இடுக்கு' முதல் தேர்வு. பல இருக்கின்றன என்ற உணர்வு வேண்டுமானால் 'இண்டு இடுக்கு', 'சந்துபொந்து'. பேச்சுநடை எழுத்துக்கு இரண்டும் கச்சிதம். அணு, செல், திசு என்று வரும்போது '-இடை' சேர்த்துக் கூட்டுச்சொல்லாக்குங்கள். மண்ணுக்கு 'துளைவெளி' எழுதலாம், ஆனால் ஒரு மண்துகளின் உள்ளேயே இருக்கும் துளையையும் அது குறிக்கக்கூடும் என்பது நினைவில் இருக்கட்டும். 'விரிசல்', 'பிளவு' இரண்டும் உடைந்ததைச் சொல்பவை, இங்கே வேண்டாம்.

மலைமேல் மலையாளிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி: 'இடுக்கு' என்று சொன்னால் அவர்களுக்கும் புரியும். பொது இடைவெளிக்கு அவர்கள் சொல்லும் 'விடவு' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அதோடு நம் பழந்தமிழின் 'விடர்' நினைவுக்கு வரலாம். விடர் மலைப்பிளவு. ஆகவே அது இங்கே ஆகாது. சுவர் வெடிப்புக்கு அவர்கள் 'விள்ளல்' என்பார்கள். அதையும் இதோடு கலக்காதீர்கள்.

சொல்லைத் தப்பாகத் தேர்ந்தால் காகிதத்தில் மட்டும் பிழை வராது. சரிவு நிலத்தில் மண் அரிக்காமல் இருக்கக் கட்டும் கல் கய்யாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கல்லை அடியில் வைத்து, சுவர் மேட்டுப்பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கும்படி அடுக்கி, இடுக்குகளில் சில்லுக்கல்லை இறுக்கி அடைப்பார்கள். சாந்து கிடையாது. மழைநீர் இடுக்கு வழியே கசிந்து போகும், மண் நின்றுவிடும். ஆங்கிலக் கையேட்டில் 'இன்டர்ஸ்டிஸஸைக் கற்சில்லால் நிரப்புக' என்று இருப்பதை ஒருவர் 'இடைவெளிகளை அடைக்கவும்' என்று மட்டும் எழுதிவிட்டால், படிக்கிற கொத்தனார் சிமென்ட் பூசி அடைத்துவிடலாம். தென்மேற்குப் பருவமழையில் பின்னால் தண்ணீர் தேங்கி, போக வழியில்லாமல் முட்டி, சுவர் வயிறு தள்ளிச் சரியும். 'கல்லிடுக்குகளில் சில்லுக்கல்லை மட்டும் இறுக்கி அடைக்கவும், சாந்து கூடாது, நீர் கசிந்து போக வேண்டும்' என்று எழுதுவதுதான் சரியான மொழிபெயர்ப்பு. நான்கு சொல் கூடினால் கூடட்டும்.

எட்டாம் படி: பயிற்சி

கீழே வருவனவற்றுக்கு இன்டர்ஸ்டிஸ் பொருந்துமா என்று நீங்களே மூன்று கேள்விச் சோதனை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு விடையைப் படியுங்கள். ஓட்டுக்கூரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே வெளிச்சம் வரும் இடம்: பொருந்தும். அதே கூரையில் தேங்காய் விழுந்து உடைந்த ஓட்டின் துவாரம்: பொருந்தாது. மூங்கில் கூடையின் பின்னலில் தெரியும் கண்கள்: பொருந்தும். கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவே உள்ள தூரம்: பொருந்தாது. ஆற்றங்கரை மணலை அள்ளினால் சொட்டும் நீர் இருந்த இடம்: பொருந்தும், பாடப்புத்தகத்துக்கே உரிய எடுத்துக்காட்டு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பாக்குத்தூள் சிக்கும் சந்து: பொருந்தும், ஆனால் பல் மருத்துவர்கள் 'இன்டர்டென்டல்' என்ற தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு எழுதும்போது அதையே போடுங்கள். சாக்கில் கட்டிய ஏலக்காயின் நடுவே நிற்கும் காற்று: பொருந்தும் என்று விடை எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான். காற்று இன்டர்ஸ்டிஷல், அது நிற்கும் இடம் இன்டர்ஸ்டிஸ்.